அத்தை கேட்டு வாங்கிய வண்டி

சொத்துப் பிரித்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் சிரிப்பு வந்தது. தாத்தா இறந்து வருஷம் திரும்பியதும், போடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாகம் பேசினார்கள். குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டம் பெரியப்பாவுக்கு. சிலமலை வயலும் நாங்கள் குடியிருந்த வீடும் அப்பாவுக்கு. பெண்பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதும், அதற்கு உடன்பிறந்தவர்கள் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். என் அம்மாவும் அவள் பிறந்த வீட்டில் அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான். அந்தச் சேலையைத்தான் விசேஷங்களுக்குப் பெருமையாகக் கட்டுவாள். அத்தையும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று பெரியப்பா கேட்டபோதுதான், சேலை வேண்டாம், தாத்தா ஓட்டிய மோட்டார் சைக்கிளைக் கொடுத்தால் போதும் என்றாள்.

பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பழைய இரும்புக்காரன்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான், தாராளமாக எடுத்துக்கொள் என்றார். எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆன சில வருஷங்களில் புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்து, எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தாள். ஊருக்குள் ஏலக்காய் சேர்த்துவைக்கிற ஒரு கிட்டங்கியில், காயைப் பெருவெட்டு, சிறுவெட்டு என்று தரம் பிரிக்கிற பெண்களுக்கு மேற்பார்வை அவள் வேலை. அதிர்ந்து பேசமாட்டாள்.

தாத்தாவுக்கு முட்டி தேய்ந்து வண்டி ஓட்ட முடியாமல் போனபோது, அதைத் தோட்டத்து ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். மலையில் எந்நேரமும் மூடுபனியும் சாரலும்தான். இரும்பை எங்கே வைத்தாலும் துரு ஏறிவிடும். காய் காய்கிற இடத்தில் வண்டியும் கிடந்தால் ஈரம் அண்டாது என்பது தாத்தாவின் கணக்கு. ஏலக்காய்க்காரர் மூளைக்கு வேறென்ன தோன்றும்? பல வருஷமாக ஒவ்வொரு பருவத்திலும் காயோடு காயாக அதுவும் காய்ந்திருக்கிறது.

அப்பாவும் அத்தையும் நானும் ஜீப்பில் போய் அதன் மேல் கிடந்த சாக்குகளை விலக்கிப் பார்த்தோம். தாத்தாவின் கணக்கில் பாதி சரி. இரும்பில் பொட்டுத் துரு இல்லை. துடைத்ததும் முகம் தெரிந்தது. ஆனால் ரப்பர் என்று இருந்ததெல்லாம் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் பிசினாகிப் போயிருந்தது. வண்டி மொத்தமும் ஏலக்காய் வாசனை.

வண்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தையைக் காணோம். தேடிப் போனால், தோட்டத்துக்குள் குனிந்து நின்று, செடியின் தூரில் தொங்கிய காய்ச்சரத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது தாத்தா தன் மகன்கள் இருவரையும் வண்டியில் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாராம். பெண்பிள்ளைக்கு மேலே என்ன வேலை, அட்டை கடிக்கும் என்று இவளை விட்டுவிட்டுப் போவாராம். நாள் முழுக்கக் காயோடு கிடக்கிறவள் செடியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்று ஜீப்பில் வரும்போது அப்பா சொன்னார். எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அத்தையின் காலில் ஏறியிருந்த அட்டையை அவள் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் வண்டியை இறக்கினோம். பெண் தனியாகப் பட்டறைக்குப் போனால் நன்றாக இருக்காது என்று துணைக்கு வந்த அப்பாவுக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. மெக்கானிக்கோ எல்லாக் கேள்வியையும் அப்பாவிடமே கேட்டார். அப்பா அத்தையைப் பார்ப்பார். அத்தை பதில் சொல்வாள். மெக்கானிக் அதைக் கேட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்துத் தலையாட்டுவார். கடைசியில், "சரி மாப்ளே, இத ஓட்டப்போறது யாரு?" என்றார். அப்பா அத்தையைக் கைகாட்டினார். விளையாடாதீர்கள் என்று அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஆனால் அத்தை விடவில்லை. வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போய், கழற்றிப்போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுவாள். ஏர் ஃபில்டரைத் திறந்தபோது கை கொள்ளாமல் ஏலக்காய்த் தொலி வந்தது. கார்புரேட்டரின் பிசினை ஊசியால் சுரண்டி எடுத்தாள். டயர், டியூப், சீட்டு, கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பருவம் முடிவதற்குள் மெக்கானிக் அப்பாவை மறந்துவிட்டு அத்தையிடமே பேச ஆரம்பித்திருந்தார். அப்பாவுக்கு அதில் பெரிய நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது உயிர் பெற்றது. மிதித்து மிதித்து அத்தைக்கு மூச்சு வாங்கியது. திடீரென்று ஒரு கரும்புகை, பிறகு படபடவென்று சத்தம். அத்தை வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் வேண்டும்போல இருக்கிறது. ரயிலடிப் பக்கத்துப் பொட்டலில் ஓட்டிப் பழகி, சுடிதார் போட்டுக்கொண்டு அவள் கிட்டங்கிக்குப் போனபோது, காய் பிரிக்கிற பெண்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்களாம். ஊர் கொஞ்ச நாள் வாயில் போட்டு மென்றது. பிறகு வேறொன்று கிடைத்ததும் துப்பிவிட்டது.

பெரியப்பா கடைவீதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். தாத்தாதான் வருகிறார் என்று ஒரு கணம் ஒதுங்கி நின்றுவிட்டாராம். அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தார் என்று நினைத்தோம். காபி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அப்பா வண்டி மூத்தவன் வீட்டு வாசல்ல நிக்கிறதுதான ஆத்தா மொற. ஒனக்கு எதுக்கு இந்தப் பாரம்? புது ஸ்கூட்டர் எடுத்துத் தர்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டர் என்றால் முன்னால் நான் நின்றுகொண்டு போகலாம். சரி என்று சொல்லச் சொல்லி அத்தையின் முழங்கையைச் சுரண்டினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா அண்ணே என்றாள். பெரியப்பா முகம் வாடிவிட்டது. அன்றைக்கு விளையாட்டாகத்தானே கொடுத்தோம் என்றார். நீ வேறு எதையும் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டோமா என்றார்.

"தோட்டத்துல ஒரு மூல கேட்டுருந்தா குடுத்துருப்பீகளாண்ணே?"

சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். கோபமே இல்லை. பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். அப்பா காலி டம்ளருக்குள் பார்த்தார். இவ்வளவு சுலபமான கேள்விக்கு ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஏலக்காயைக் கைநிறைய அள்ளிக் கொடுக்கிற மனுஷர் பெரியப்பா. அப்பா அவரைவிட நல்லவர். அதனால் நானே சொன்னேன்.

"குடுத்துருப்பாக அத்தை."

அம்மா என்னைப் பார்த்து, பால் பொங்குகிறது, போய் அடுப்பை அணை என்றாள். ஓடினேன். அடுப்பு எரியவே இல்லை. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. திரும்பி வருவதற்குள் வாசலில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அத்தை வெளியே போயிருந்தாள். பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த வண்டியை அவர் கேட்கவே இல்லை.

அடுப்பில் பாலே இல்லையே என்று அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரிந்துகொண்டே என்னை ஏன் அனுப்பினாள், அதற்கு அவள் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.