குல்லா போட்டவர் மேடைக்கு வந்தபோது

நாடகம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். கொளுத்தும் வெயில் காட்சியில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஒரு பாத்திரம் மேடையில் பதுங்கிப் பதுங்கி வந்தது. உத்திரமேரூர் கல்யாண மண்டபமே சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அந்தக் குல்லாவின் சொந்தக்காரர் என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவரை நாடகத்துக்குக் கூப்பிட்டவளே நான்தான்.

நான் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சப்-சென்டரில் வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது வேலைக்குச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடுவதையும் ரெஜிஸ்டர் எழுதுவதையும் டிரெயினிங்கில் சொல்லித் தந்துவிடுவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1. செங்கல்பட்டு பஸ்

வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. என் ஏரியாவில் அஞ்சலை என்று ஒரு பெண். இரண்டு பெண் குழந்தைகள். அவளுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. இரண்டாவது பிரசவத்திலேயே பிழைத்தது பெரிய விஷயம். இன்னொரு பிள்ளையை இந்த உடம்பு தாங்காது, மயக்க மருந்து கொடுத்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்வதும் ரிஸ்க் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் தடுப்பூசிப் பெட்டியோடு வரப்பில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். அஞ்சலையின் கணவர் முனுசாமி கழனியிலிருந்து ஏறி வந்து வழியில் நின்றார்.

"நர்சம்மா, ஆம்பளைங்களுக்கும் ஆபரேஷன் கீதாமே?"

"இருக்குண்ணே. கத்தியே வைக்க மாட்டாங்க. அன்னைக்கே வூட்டுக்கு வந்துடலாம்."

"நான் பண்ணிக்கிறேன். ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. எங்கம்மாவுக்குத் தெரியவே கூடாது. அது பேரன் வருவான்னு குந்திக்கினு கீது."

காஞ்சிபுரம் வேண்டாம், அங்கே நம் ஊர் ஆட்கள் யாராவது இருப்பார்கள் என்றார். செங்கல்பட்டு என்று முடிவானது. நல்ல கத்திரி வெயில். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். கழுத்து வரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாவோடு வந்து நின்றார்.

"இன்னாண்ணே இது?"

"அடையாளம் தெரியாதுல்ல?"

அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகப் போட்ட குல்லாவை பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைக் காய்ச்சல்காரர் என்று நினைத்து முதலில் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாலைக்குள் ஊர் திரும்பிவிட்டோம்.

ஆண்கள் இந்த ஆபரேஷனுக்கு வருவது எவ்வளவு அபூர்வம் என்று வி.எச்.என்.களுக்குத் தெரியும். அந்த மாத ரிவ்யூ மீட்டிங்கில் மெடிக்கல் ஆபீசர் என்னைப் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில், டீ நேரத்தில் குல்லாவிலிருந்து தெர்மாமீட்டர் வரை அத்தனையையும் சொன்னேன். பேரனுக்காக முனுசாமியின் அம்மா கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதையும் சொன்னேன். பார்மசிஸ்ட் குணசேகரன் சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எல்லாரும் ஆஸ்பத்திரி ஆட்கள்தானே, வெளியே எங்கே போகப் போகிறது என்று நினைத்தேன்.

2. மாப்பிள்ளைக்கு லீவு

குணசேகரன் சார் ஓய்வு பெற்ற பிறகு நாடகம் எழுத ஆரம்பித்தார். 'மாப்பிள்ளைக்கு லீவு' என்று ஒரு பாட்டு நாடகம். முழுக்கச் சிரிப்பு. எனக்கு நாலு பாஸ் கொடுத்தார். இதற்கிடையில் இதய வால்வு ஆபரேஷன் முடிந்து அஞ்சலை இப்போது நன்றாக இருக்கிறாள், அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். அதனால் அவளையும் முனுசாமியையும் கூப்பிட்டேன். முனுசாமியின் தம்பி மகன் ஏழுமலை தன் ஆட்டோவில் எங்களை அழைத்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதை என்ன என்று சாரிடம் நான் கேட்கவில்லை.

நாடகத்தை மோசம் என்று சொல்ல முடியாது. பாட்டுகள் நன்றாக இருந்தன. ஆர்மோனியம் வாசித்தவர் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் ஒரு சின்ன மெட்டு போட்டு இன்னும் சிரிக்க வைத்தார். டாக்டராக நடித்தவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுழற்றிக்கொண்டே ஆடியதற்கு நானே கை தட்டினேன். நர்ஸ் பாத்திரம்தான் பிடிக்கவில்லை. ஹை ஹீல்ஸ், உதட்டுச் சாயம், கையில் சைக்கிள் பம்ப் அளவுக்கு ஒரு ஊசி. நாங்கள் வரப்பில் நடந்து குதிகால் வெடித்தவர்கள். ஆனாலும் சிரித்தேன்.

பிறகு குல்லாக்காரர் வந்தார். பூரிக்கட்டையோடு துரத்தும் மனைவிக்குப் பயந்து ஆபரேஷனுக்கு ஓடுகிறார். வாயில் தெர்மாமீட்டர் வைக்கிறார்கள். அவருடைய அம்மா இடுப்பில் ஒரு கூடை நிறையத் தொட்டில்களோடு வந்து, மரம், தூண், மைக் ஸ்டாண்ட் என்று அகப்பட்டதில் எல்லாம் கட்டிக்கொண்டே வேகமாக ஒரு பாட்டு பாடுகிறாள். அன்றைக்கு அதிகமாகச் சிரிப்பு வாங்கியது அந்த அம்மாதான்.

ஏழுமலை தொடையில் தட்டிக்கொண்டு முனுசாமி பக்கம் சாய்ந்தான். "பெரிப்பா, நீ கூட ஒரு தபா வெயில்ல இந்த மாரி குல்லா போட்டுக்கினு போனல்ல? நான் சின்னப் பையனா இருந்தப்ப பார்த்தனே."

நான் குறுக்கே விழுந்தேன். "அது காதுவலிடா. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன்."

"ஆமா, காதுவலி," என்றாள் அஞ்சலை. அவள் கண் மேடையை விட்டு நகரவில்லை.

ஏழுமலை அதை அப்போதே மறந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். முனுசாமி நாடகம் முடியும்வரை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இருந்தார். திரும்பும்போது ஆட்டோவில் முன்னால் போய் ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

3. வேர்க்கடலை

நாலு நாள் அவர்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ஐந்தாம் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

"நான்தாண்ணே சொன்னேன். அப்பவே டீ குடிக்கச் சொல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க பேரையும் சொன்னேன். தப்பு என்னுதுதான். அந்தக் குல்லாவ பார்த்ததும் எனக்கு உயிரே இல்ல."

முனுசாமி உரித்த கடலையை முறத்தில் போட்டார்.

"குல்லாவ வுடு நர்சம்மா. அத பார்த்து எனக்கே சிரிப்பு வந்துச்சி. அந்தக் கெழவி வேஷம் வந்துச்சி பாரு, தொட்டில் கட்டிக்கினு. அத்தினி பேரும் சிரிச்சாங்க. எங்கம்மா சாவற வரிக்கும் கட்டுச்சி. பக்கத்துல நின்னு கயிறு எடுத்துக் குடுத்தவன் நான். இனிமே புள்ள பொறக்காதுன்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. அத போயி மேடையில பார்க்க முடியல."

இத்தனை வருடத்தில் அவர் அம்மாவின் பக்கமிருந்து நான் அந்தக் கதையை நினைத்துப் பார்த்ததே இல்லை. என் கணக்கில் அது வெற்றிகரமான ஒரு கேஸ்.

அஞ்சலைதான் பேசினாள். "பாட்டு நல்லாதான் இருந்துச்சி நர்சம்மா. எனக்கு ஒண்ணுதான் புடிக்கல. அந்த ஆளு பொண்டாட்டிக்கு பயந்துக்கினு ஆபரேஷன் பண்ணிக்கினான்னு வச்சிட்டாங்க. இவரு எனக்கு பயந்தவரு இல்ல. நான் செத்துப் பூட்டா இன்னா பண்றதுன்னு பயந்தவரு."

முனுசாமி முறத்தை எடுத்துக்கொண்டு தொலியைப் புடைக்கத் திரும்பி உட்கார்ந்தார். நானும் அஞ்சலையும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

4. இரண்டாம் முறை

அன்றைக்கே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். குணசேகரன் சார் முதலில் நாடகத்தை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. "சிஸ்டர், பேரு எதுவும் போடலையே" என்றார். தொட்டிலைச் சிரிப்பாக்க வேண்டாம் என்றேன், அஞ்சலை சொன்னதை அப்படியே சொன்னேன். நாடகத் தாள்களை எடுத்து, பூரிக்கட்டை வரும் இடத்தைப் பேனாவால் அடித்தார்.

அடுத்த முறை காஞ்சிபுரத்தில் போட்டபோது நான் மட்டும் போனேன். குல்லா இல்லை, பூரிக்கட்டை இல்லை. அந்த அம்மா ஒரே ஒரு தொட்டிலைக் கட்டி, மெதுவாக நாலு வரி பாடினாள். முன்பு மண்டபம் அதிர்ந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. குணசேகரன் சார் வாசலில் நின்று, "கைதட்டல் பாதியாயிடுச்சு சிஸ்டர்" என்றார். அது உண்மை. நாடகமாகப் பார்த்தால் முதலில் பார்த்ததுதான் சுறுசுறுப்பாக இருந்தது. இது நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. ஆனால் இதை முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்னால் முடியும். அதை சாரிடம் சொன்னேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜனங்கள் நம்மிடம் சொல்வதில் ரெஜிஸ்டருக்கு வேண்டியது ஒரு வரி. மீதி எல்லாம் அவர்களுடையது. அது எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும், நாம் எவ்வளவு நல்லவர்களிடம் சொன்னாலும், அதைச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

அப்படியானால் இதை மட்டும் எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு போய் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அஞ்சலை எதையும் மாற்றச் சொல்லவில்லை. முனுசாமி பெயர்களை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பிறகு தாளை வாங்கி, அவர்கள் கிராமத்தின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதையும் எடுத்துடு நர்சம்மா."

எடுத்துவிட்டேன்.