இன்ட்ரானில் மாறிய ஓர் எழுத்து

என் மகளுக்குத் தலசீமியா. அவள் உடம்பால் போதுமான ஹீமோகுளோபினைச் செய்துகொள்ள முடியாது. ரத்தம் ஏற்றும் நாள் நெருங்க நெருங்க முகம் வெளுத்துவிடும். மாடிப்படி ஏறாமல் கீழேயே உட்கார்ந்துகொள்வாள். நானும் கணவரும் மாறி மாறி விடுப்பு எடுத்து, காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போவோம்.

இரண்டாவதாகக் கருவுற்றபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அசதிதான் வந்தது. கணவர் என் சொந்த மாமன் மகன். இந்தக் குழந்தைக்கும் அதே நோய் வருமா என்று கேட்க அதே ஆஸ்பத்திரியில் மரபியல் மருத்துவரிடம் போனோம்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாற்றம்தான்மா இருக்கு. ஹீமோகுளோபின் செய்யிற ஜீன்ல, இன்ட்ரான்ங்கிற பகுதியில, ஒரு எழுத்து மாறியிருக்கு" என்றார் அந்த அம்மாள், எங்கள் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்து. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "செல்லு முதல்ல ஜீன் முழுசையும் பார்த்து எழுதிக்கும். அப்புறம் நடுவுல இருக்கிற இன்ட்ரானை வெட்டி எறிஞ்சிட்டு, மீதி இருக்கிற எக்ஸான் துண்டுகளை மட்டும் ஒண்ணா ஒட்டும். அதைப் பார்த்துத்தான் புரதம் செய்யும்."

கணவர் கேட்டார்: "தூக்கிப் போடுற துண்டுதானே மேடம்? அதுல ஒரு எழுத்து மாறினா என்னா ஆயிடப் போவுது?"

"எங்க வெட்டணும்ங்கிற அடையாளம் அந்தத் துண்டோட ஓரத்துலதான் இருக்கு. அது கெட்டா, தப்பான இடத்துல வெட்டிடும். உங்க பொண்ணுக்கு எக்ஸான் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எல்லாருக்கும் இந்த ஜீன் ரெண்டு நகல் இருக்கும்; உங்களுக்கு ஒண்ணுலதான் மாற்றம், அதனால நோய் இல்ல, அவளுக்கு ரெண்டுலயும் வந்துடுச்சு."

மகள் வயிற்றில் இருந்தபோது எதைத் தின்றேன், எந்த மாத்திரையை விட்டேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கேட்டு, நானும் அதையே தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியதில்லை என்று அன்று தெரிந்தது. அழுகை வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் வாலாஜாபாத் வரை தூங்கினேன்.

நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதித்தார்கள். முடிவைப் போனில் சொல்வதாகச் சொன்னார்கள்.

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையில், ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குழந்தைக்கு ஒரு நகலில் மட்டும்தான் மாற்றம். எங்களைப் போல, நோய் வராது. அரக்கு பார்டர் கேட்டவர் காத்திருக்க, நான் கணவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அவன் கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கணும் இல்ல?" என்றார். பிள்ளை ஆணா பெண்ணா என்றே தெரியாது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறந்தது பையன்தான். இப்போது நடக்கிறான். போன வாரம், கையில் ஊசியோடு படுத்திருந்த மகள் கேட்டாள்: "தம்பிக்கு மட்டும் ஏன்மா ரத்தம் ஏத்தல?"

"அவனுக்கு ஒரு நகல் நல்லா இருக்குதுமா."

"எனக்கு?"

"உனக்கு ரெண்டுமே தப்பா வெட்டுது."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, போனைக் குடு" என்றாள். கொடுத்துவிட்டு, கட்டில் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினேன்.