கம்பெனிச் சுவரில் ஒரு மீன்கொத்தி

ஒரகடத்தில் ஒரு கம்பெனிச் சுவரின் முள்கம்பியில் மீன்கொத்தி ஒன்று மீனை அறைந்து கொன்றுகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்த நான் விடாமல் படமெடுத்தேன்.

"கம்பெனிய இன்னாத்துக்குப் படம் புடிக்கிற?" என்று கத்தியபடி, செக்யூரிட்டி ஒருவர் பின்னாலிருந்து கேமரா பெல்ட்டைப் பிடித்து முறுக்கினார். கழுத்து இறுகியது. குரல் வரவில்லை, கண் இருட்டியது.

"வுடுய்யா, செத்துடுவா!" பைக்கில் காத்திருந்த என் கணவர் ஓடிவந்து ஹெல்மெட்டால் செக்யூரிட்டியின் மூக்கில் அடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

மூக்கில் ரத்தம் சொட்டச் சொட்ட, கேமராவில் படங்களைப் பார்த்தவர், "குருவியாம்மா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். கழுத்தை நெரித்தால் எப்படிச் சொல்வதாம்?

இப்போது பெல்ட்டைக் கையில்தான் சுற்றிக்கொள்கிறேன். பறவை கம்பெனிச் சுவரில் உட்கார்ந்தால், அது பறந்து வெளியே வரும்வரை கேமராவைத் தூக்குவதில்லை.