குசினிக் கதவுக்கு முட்டுக்கொடுத்த உரோமர் சாடி

இன்று நூதனசாலைக்குப் போனது என் பிழைதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்சாடியின் கூரான அடித்துண்டு இருந்தது. உரோமர் காலத்தது, தீவுப்பகுதியில் கிடைத்தது என்று எழுதியிருந்தார்கள். அதே தீவுப்பகுதியில், சரவணை என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டுக் குசினிக் கதவு காற்றுக்கு அடிபடாமல் முட்டுக்கொடுத்து வைத்திருப்பதும் அச்சொட்டாக அதே சாமான்தான். கிணறு துப்புரவாக்கியபோது வந்தது.

காவலுக்கு நின்றவர் கிட்ட வந்தார்.

“என்ன அண்ணை, கனநேரமாப் பாக்கிறியள்? உப்பிடி ஒண்டை வேறை எங்கையும் கண்டனீங்களோ?”

“இல்லை, சும்மா பாத்தனான்.”

“தீவுப்பக்கம் கன வீடுகளிலை கிடக்காம். அரசாங்கம் எடுத்துப்போடும் எண்டு, கேட்டால் ஒருத்தரும் சொல்லாயினம்.”

அதன்பிறகு நான் போன அறைக்கெல்லாம் அவரும் வந்தார்.

வருகைப் புத்தகத்தில் பெயரை உண்மையாகவே எழுதிவிட்டேன். ஊரை மட்டும் நல்லூர் என்று மாற்றினேன். அதை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால், அவரிடமிருந்து நட்பு அழைப்பு!

என் முகப்புப் படம் உங்களுக்குத் தெரியும்தானே. குசினி வாசலில் கதிரை போட்டு, தேத்தண்ணியோடு இருக்கிறேன். காலடியில் அந்தச் சாமான்.

இந்தப் பதிவு நண்பர்களுக்கு மட்டும். ஆனால் எனக்கும் அவருக்கும் பொதுவான நண்பர்கள் மூன்று பேர் என்று காட்டுகிறது.

அந்த மூன்று பேரும் முதலில் கையைத் தூக்குங்கோ.