அண்ணன் பாதியாகப் போட்ட ஊசி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்கிறவர்கள் சந்தோஷத்தோடு தொடங்குவார்கள். நான் கோபத்தோடுதான் தொடங்கப் போகிறேன். ஆண்டவர் செய்த நன்மையை மறைக்க மாட்டேன். என் கோபத்தையும் மறைக்க மாட்டேன்.

எனக்கும் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் ஜெயரட்ணத்துக்கும் ஒரே வருத்தம், சர்க்கரை வியாதி. இரண்டு பேருக்கும் அப்பாவிடமிருந்து வந்தது. நான் இங்கே லண்டன் நோர்பரியில் மருந்துக்கடைக்குப் போனால் இன்சுலினைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். ஒரு பென்ஸ் காசுகூடக் கேட்க மாட்டார்கள். அண்ணனுக்குப் போன கோடையில் வேலை போய்விட்டது. இங்கே வேலை போனால் சம்பளம்தான் போகும். அங்கே மருத்துவக் காப்புறுதியும் கூடவே போய்விடுகிறது. தனியாகக் காப்புறுதி எடுக்க மாதாமாதம் கேட்ட கட்டணம் அவருடைய வீட்டுக்கடன் தவணையைவிட அதிகம். அதனால் அவர் இன்சுலினை அளவில் பாதியாகப் போடத் தொடங்கினார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்கு முழு ஊசி, அவருக்குப் பாதி ஊசி. இது எந்த ஊர் நியாயம்?

ஒக்டோபரில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், பிறகு பில்லை அனுப்பினார்கள். அந்தத் தொகைக்கு இங்கே ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டிவிடலாம். அதற்குள் காலில் ஆறாத புண். இரத்தக் குழாய் அடைப்பை எடுக்க ஒப்பரேஷன் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். முதலில் பணத்தைக் கட்டு என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் ஒப்பரேஷனுக்குத் திகதியே எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கால் போனால் போகட்டும் பிள்ளை, வீடு போகக்கூடாது," என்றார் தொலைபேசியில். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம்."

நான் சொல்லவில்லை. கையில் இருந்ததை அனுப்பினேன், அது எந்த மூலைக்கும் காணாது. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். நம் சபையில் ஜெபக்குறிப்புப் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் வாராவாரம் ஒரு சீட்டுப் போட்டேன்: "பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரனின் சரீர சுகத்துக்காக." நம்மவர்கள் எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம்? நோய் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும் என்பது நம் எண்ணம். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. புண் மட்டும் பெருத்தது. நீர் கேட்கிறீரா இல்லையா என்று ஒரு நாள் சமையலறையில் நின்று ஆண்டவரிடமே கத்தினேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம். போதகர் சீட்டுகளை வாசித்துக்கொண்டு போனார். ஒருவருக்கு விசா, ஒருவருக்குப் பரீட்சை, அடுத்தது பெயர் குறிப்பிட விரும்பாத சகோதரன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"அவருக்குப் பேர் இருக்கு," என்றேன். "ஜெயரட்ணம். என்ர அண்ணை. அமெரிக்காவிலை காசில்லாமல் இன்சுலினைப் பாதியாய்ப் போடுறார். கால் அழுகுது."

அழுதுகொண்டே உட்கார்ந்தேன். அண்ணனுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது விமலா அக்கா வந்து என் கையைப் பிடித்தார். திருநெல்வேலிக்காரர், எப்போதும் எனக்கு முன் வரிசையில் இருப்பவர். லண்டனுக்கு வருமுன் அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் பில் பகுதியில் வேலை செய்தவராம். அது எனக்குத் தெரியாது. தர்ம ஸ்தாபனமாகப் பதிந்த ஆஸ்பத்திரிகளில் வருமானம் இல்லாதவர்களுக்குப் பில்லைக் குறைக்க, தள்ளுபடி செய்ய ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்றார்.

"கேட்டாத்தாம்மா தருவாங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க."

மூன்று மாதம் என் சீட்டுக்கு அவர் ஆமென் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யாருக்கு என்று தெரியாமலே.

சபையில் சொல்லிவிட்டேன் என்றதும் அண்ணன் என்னோடு பத்து நாள் பேசவில்லை. விமலா அக்கா விடாமல் அழைத்துப் பேசி, படிவத்தை வரிக்கு வரி நிரப்ப வைத்தார். அண்ணன் போன ஆஸ்பத்திரி தர்ம ஸ்தாபனமாகவே இருந்தது கர்த்தரின் கிருபை. பழைய பில்லில் பெரும்பகுதியைத் தள்ளினார்கள், ஒப்பரேஷனுக்கும் சம்மதித்தார்கள். மார்ச்சில் கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. முன்பே வந்திருந்தால் அவையும் இருந்திருக்கும் என்றார் டொக்டர். சம்பந்தம் பேசியவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்க்கும் சர்க்கரையாம், இதற்கென்ன என்று சிரித்தார்களாம். இப்போது அண்ணனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, காப்புறுதியும் உண்டு. முழு ஊசி போடுகிறார்.

கர்த்தர் கேட்டார், நான் சாட்சி. ஆனால் கோபம் ஆறவில்லை. இருக்கிற உதவியை ஒளித்து வைத்துவிட்டு, நோயாளியிடம் பில்லை நீட்டுகிறவர்கள்மேல் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல் அதைவிடக் கோபம். ஆண்டவர் எனக்குத் தந்த பதில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது, நான்தான் கேட்கவில்லை. பிள்ளைகளே, நம்பி வாயைத் திறவுங்கள்.

போன கிழமை அண்ணன் தானாகவே அழைத்தார். அவரோடு வேலை செய்யும் ஒரு பெண், ஆஸ்துமா பம்பை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் இழுக்கிறாளாம். காப்புறுதி இருந்தும் அதன் விலையில் பாதியை அவளே கட்ட வேண்டுமாம். சபையில் சொல்லச் சொன்னார். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாராம். அவள் பெயர் மரியா. ஜெபியுங்கள். ஜெபித்து முடிந்ததும், வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.