கொழுப்பில்லாத கறிக்கு எத்தனை விசில்?

மாட்டுக்கறிக் கடைக்காரனிடம் உலகம் இரண்டே கேள்விதான் கேட்கும்: "இளங்கறியா?", "எத்தனை விசில்?" முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு என் மனைவி கதீஜாதான் பதில் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் எங்கள் வீடும் கடையும் ஒட்டியே இருக்கின்றன. யாராவது விசில் கணக்குக் கேட்டால் அடுக்களைப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுப்பேன், பதில் வரும். வந்தவர்கள் நான்தான் பெரிய சமையல் நிபுணன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இப்படியே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

இப்போது அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள், நாற்பது நாள் கழிந்ததும் வந்துவிடுவேன் என்றாள். பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. கடையை மூடிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள் என்கிறாள் மகள். அங்கே போய் நான் யாருக்குக் கறி வெட்டுவது? ஒற்றை ஆளாகச் சோறு வடித்து, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சமையல் பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் கொழுப்பு

நான் வாங்குகிற மாடுகள் உடன்குடிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடுகளில் மேய்ந்தவை. புல்லைத் தேடிப் பகலெல்லாம் நடந்தே கொழுப்பைக் கரைத்துவிடும். கறி நல்ல சிவப்பாக, வெறும் சதையாக இருக்கும். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னவர்களும், கொழுப்பைக் குறை என்று டாக்டர் சொன்னவர்களும் ஒரே வரிசையில் வந்து நிற்பது இந்தக் கறிக்குத்தான். ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சநஞ்சக் கொழுப்பும், மாடு பச்சைப் புல் தின்றதால், மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு மஞ்சக்காமாலையா காக்கா?" என்றான்; எங்கள் ஊரில் அண்ணனைத்தான் காக்கா என்போம். புல்லின் கதையைச் சொல்லிப் புரியவைத்தேன். ஷார்ஜாவில் கறி எப்படி இருக்கும் என்று மெல்ல விசாரித்தேன். கதீஜா அங்கே எதைப் போட்டு ஆக்குகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசைதான், வேறென்ன? அங்கே மேய்ச்சல் எல்லாம் உண்டா, மாடு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: "அங்கன நாங்க மாட்டைப் பார்த்ததே இல்ல காக்கா. ஸ்டிக்கரைத்தான் பார்த்திருக்கோம்."

ஜன்னலில் வந்த சட்டி

எங்கள் ஊரில் பெண்கள் நடக்கத் தனியாக முடுக்குகள் உண்டு, வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்துகள். என் கடையின் பின் ஜன்னல் அப்படியொரு முடுக்கைப் பார்த்துத்தான் இருக்கிறது. பெண்கள் அங்கே நின்று கறி வாங்கிப் போவார்கள். ஒரு நாள் ஜைனப் என்கிற பெண் ஜன்னல் வழியாகக் கறிச்சட்டியையே உள்ளே நீட்டினாள். கல்யாணமான கையோடு மாப்பிள்ளை கத்தாருக்குப் போய்விட, புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். "செருப்பு மாதிரி இருக்கு காக்கா, நீங்களே கடிச்சுப் பாருங்க" என்றாள். கடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது குறைத்துச் சொன்னது.

எனக்கு என்ன தெரியும்? கதீஜாவுக்கு போன் போட்டேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "போனை அந்தப் பிள்ளைக்கிட்ட குடுங்க" என்றாள். ஸ்பீக்கரில் பாடம் நடந்தது. கொழுப்பில்லாத கறி அவசரத்துக்கு மசியாது. தயிரும் இஞ்சியும் பிசறி ஊறவைக்க வேண்டும். சின்ன உள்ளி வெங்காயத்தை வதக்கி, கறியைப் பிரட்டி, தண்ணீர் கொஞ்சமாக விட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். அப்புறம் அது தானாக வெந்துகொள்ளும். "அந்த மனுஷன் நாருக்குக் குறுக்கே வெட்டாம நீளவாக்குல வெட்டித் தந்திருப்பாரு, அதையும் பார்த்து வாங்கு" என்று எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. அந்தக் குட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிறகு இரண்டு பேரும் நம்பரை வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஏதேதோ பேசினார்கள். நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு என் முறைக்காக நின்றேன். போனைத் திருப்பித் தந்தபோது ஜைனப் சொன்னாள்: "கதீஜா லாத்தா உங்ககிட்ட என்னமோ சொல்ல வந்தாங்க காக்கா, அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு."

டாக்டர் சொல்லாத எலும்பு

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன அந்தோணி, ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியோடு ஸ்கூட்டரில் வருவார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். கொழுப்பை ஒரு நூல் விடாமல் எடுத்த கறி, அதுவும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, கொஞ்சமாக. இது டாக்டர் உத்தரவு. அந்த உத்தரவு மீறப்படாமல் பார்த்துக்கொள்ள அந்த அம்மா வண்டியை விட்டு இறங்காமல் முறைத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் அம்மா பக்கத்துக் கடையில் கொத்தமல்லி வாங்கத் திரும்பிய நேரம் பார்த்து, அந்தோணி என் காதருகே குனிந்து ஒரு நல்லி எலும்பு போடச் சொன்னார். அதற்குள் இருக்கிற கொழுப்பு உங்களுக்கு ஆகாதே என்றேன். மனிதர் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். நான் போடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. ஒளித்துச் சாப்பிடுவதற்கும் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே. நான் நல்லி எலும்பை நடுக்கூடத்தில் உட்கார்ந்து உறிஞ்சினாலும் கேட்பாரில்லை. கடைசிவரை அவர் விடவில்லை: "டாக்டர் கறியைப் பத்தித்தான் சொன்னாரு பாய், எலும்பைப் பத்தி வாயே தொறக்கல!"

பெருநாள் சஹன்

எங்களிடம் விருந்து என்றால் சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. பக்ரீத் என்கிற ஹஜ் பெருநாளைக்கு வந்துவிடுவேன் என்று கதீஜா சொல்லியிருந்தாள். பரணில் கிடந்த சஹனை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். ஊருக்கெல்லாம் குர்பானிக் கறி வெட்டி ஓய்ந்த கையோடு, அவளுக்குப் பிடித்த தொடைக்கறியை ஒதுக்கினேன். ஆளைக் காணோம், போன்தான் வந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லையாம். வெள்ளிக்கிழமைதோறும் மகள் வீடியோவில் கூப்பிடும்போது போலவே ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். கதீஜாவின் முறை வந்தபோது, "உனக்குத் தொடைக்கறி எடுத்து வச்சேன்" என்றேன். பேரனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "ஃப்ரிட்ஜில வைங்க. வெளிய கிடந்தா கெட்டுப்போவும்."

ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. அவள் ஜைனபுக்குச் சொன்ன பக்குவத்தில் நானே ஆக்கினேன். கறி பூ மாதிரி வெந்திருந்தது. சஹனில் சோற்றைக் குவித்து, பழக்கதோஷத்தில் என் பக்கத்திலிருந்து மட்டுமே சாப்பிட்டேன். எதிர்ப்பக்கம் அப்படியே குவிந்திருந்தது. சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டேன்.

எத்தனை விசில்?

ஜைனப் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் வந்து நின்று அதையே கேட்பாள்: "எத்தனை விசில் காக்கா?" நானும் உடனே ஷார்ஜாவுக்கு போன் போடுவேன். சும்மா பேச எனக்கும் கதீஜாவுக்கும் வராது. என்ன செய்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். வியாபார விஷயம் என்றால் கூச்சமில்லை. விசில் கணக்கு முடிந்ததும், அங்கே வெயில் எப்படி, இங்கே தண்ணீர் வருகிறதா என்று பேச்சு மெல்ல நீளும். அதற்காகவே அந்தப் பெண் எப்போது வருவாள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெருநாளுக்குப் பிறகு எனக்கு மனசே சரியில்லை. அடுத்த தடவை ஜைனப் கேட்டபோது போனை எடுக்கவில்லை. "இத்தனை நாள் கேட்டும் மண்டையில ஏறலியா? நீ மாப்பிள்ளைக்கு அனுப்புற வறுவலைக் கத்தார்ல அவன் ரூமே அடிச்சுப் பிடிச்சுத் தின்னுதாம், உன் மாமியா சொல்லுதா. உனக்கா விசில் தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன். ஜைனப் கொஞ்சமும் கோபப்படவில்லை. கறிப் பையை வாங்கிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"எனக்குத் தெரியும் காக்கா. லாத்தாதான் வாராவாரம் கேக்கச் சொன்னாங்க. நான் கேட்டாத்தான் நீங்க போன் போடுவீங்களாம்."

முப்பது வருடமாகக் கறி விற்கிறேன், கொழுப்பில்லாத கறிக்கு எத்தனை விசில் என்று எனக்கு இன்னும் தெரியாது, கதீஜா ஊர் வந்து சேரும்வரை தெரிந்துகொள்வதாகவும் இல்லை.