கதவோரப் பை

மொன்றியல் மெற்றோ ரயிலில் இன்று யாரோ ஒருவரின் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை மணத்தது. உடனே, இடித்துவிட்ட எங்கள் பழைய கட்டடமும், கீழ்வீட்டு யூதக் கிழவர் கதவோரம் வைத்திருந்த தோல்பையும் நினைவுக்கு வந்தன. ஹிட்லரின் ஆட்கள் அவருடைய வீட்டாரைக் காலில் சப்பாத்துப் போடவும் விடாமல் இழுத்துப்போனார்களாம், முகாமிலிருந்து அவர் மட்டும்தான் திரும்பினாராம். அதனால் அந்தப் பைக்குள் எப்போதும் ஒரு சோடிச் சப்பாத்து, பசிக்குக் காய்ந்த பாண், உருண்டை மணக்கும் கம்பளிச் சட்டை. எங்கள் கதவோரமும், ஷெல்லடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாவின் யாழ்ப்பாணத்துப் பை இருந்தது. "இஞ்ச என்னத்துக்கம்மா?" என்றால், "கிடக்கட்டும் பிள்ளை, அந்த ஐயாவின்ரை பையும் கிடக்குதுதானே" என்பார். மொன்றியலில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பியிருந்த நான், பிரெஞ்சுச் சிநேகிதி வீட்டுக்கு முதல்முறை போனபோது, கதவோரம் பார்த்துவிட்டு, "பை எங்கே?" என்று கேட்டேன். அவள் ஓடிப்போய்த் தன் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து காட்டினாள்.